மோரில் கலந்த மாத்திரை

கேள்வி: என் கணவருக்கு 12 வருடங்களாகக் குடிப்பழக்கம். இரண்டு மாதமாகக் குடும்பத்தோடு கவுன்சலிங் போகிறோம். அங்கே அவர் வாயே திறப்பதில்லை, குடியும் குறையவில்லை. நானும் மாமியாரும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை அவருக்குத் தெரியாமல் மோரில் கலந்து கொடுத்தும் பார்க்கிறோம். கவுன்சலிங்கை நிறுத்திவிடலாமா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கவுன்சலிங் இருக்கட்டும். முதலில் அந்த மாத்திரையை நிறுத்துங்கள்.

போகிற போக்கில் ஒரு வரியாக எழுதிவிட்டீர்கள். குடியை நிறுத்த இப்படிக் கலந்து கொடுப்பது பெரும்பாலும் டைசல்ஃபிரம். உடல் மதுவைச் சிதைக்கும் வேலையை அது பாதியில் தடுத்துவிடும். அசிட்டால்டிஹைடு என்ற நச்சு ரத்தத்தில் தேங்கும். முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவர் என்றால் உயிரே போகலாம். 12 வருடம் குடித்தவரின் கல்லீரலை யார் பரிசோதித்தீர்கள்? மருத்துவர் இதைக் கொடுத்தால் ரத்தப் பரிசோதனை செய்து, நோயாளியிடம் விளக்கி, சம்மதம் வாங்கிய பிறகே கொடுப்பார். விழுங்கியது என்னவென்று தெரிந்தவர்தான் பயந்து குடிக்காமல் இருப்பார். தெரியாதவர் வழக்கம்போல் சாயங்காலம் டாஸ்மாக் வாசலில் நிற்பார்.

அவர் வாய் திறப்பதில்லை என்கிறீர்கள். நீங்கள் திறந்தீர்களா? மடியில் இவ்வளவு கனத்தை வைத்துக்கொண்டு மாமியாரும் மருமகளும் ஆலோசகர் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவர் பாட்டிலை ஒளிக்கிறார், நீங்கள் மாத்திரையை ஒளிக்கிறீர்கள். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை மையத்தில், குடிப்பவரின் வீட்டாருக்கும் தனியாக ஆலோசனை உண்டு. குடி வந்த வீட்டில் எல்லோருமே மறைக்கப் பழகிவிடுகிறோம். குடும்பத்தையும் உட்கார வைப்பது அதைப் பேசத்தான்.

நீங்கள் பட்ட பாடு எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் சொல்கிறேன்: கையில் வாங்கிய மோரை நம்பிக் குடிக்க முடியாத வீட்டை நான் குடும்பம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் குடிகாரர் என்பதால் அந்த நம்பிக்கையைக் காக்கும் கடமை உங்களை விட்டுப் போய்விடாது.

சத்தமில்லாமல் நிறுத்தினாலும் போதாது. கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரை அதன் வேகம் உடலில் இருக்கும். அதற்குள் குடித்தால் ஆபத்துதான். இன்றே அவரிடம் சொல்லுங்கள். கோபப்படுவார், அதற்கு அவருக்கு உரிமை உண்டு. அடிப்பார் என்ற பயம் இருந்தால் மருத்துவரை வைத்துக்கொண்டு சொல்லுங்கள். குடியைத் திடீரென விட்டால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். ஆகவே தாமதிக்காமல் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணில் கேளுங்கள்.

கவுன்சலிங்கை நிறுத்தாதீர்கள். அடுத்த முறை மாமியாரையும் கூட்டிக்கொண்டு போய், முதலில் நீங்கள் பேசுங்கள்.