அரசியலிலும் மதத்திலும் என் கருத்தை மாற்றிக்கொண்டிருக்கிறேனா?

அரசியல், மதம் இரண்டிலும் கருத்தை மாற்றிக்கொள்ள முடிகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டிலும் மாறியிருக்கிறேன். வாதத்தில் தோற்று ஒரு தடவைகூட மாறியதில்லை.

மதத்தில் சட்டென்று மாறினேன். மனநலம் கெட்டிருந்த மாமாவை ஏர்வாடி தர்காவில் விட்டு வேண்டிக்கொண்டாலே போதும் என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். நாங்கள் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் எங்கள் பக்கம் எல்லா மதத்தவரும் அங்கே போவார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அந்த ஊரில் ஒரு காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிவைத்திருந்த 28 பேர் இறந்தார்கள். அந்த வாரமே மாமாவை டாக்டரிடம் கூட்டிப்போனோம். வேண்டுதலை விடவில்லை. மாத்திரையும் தவறுவதில்லை.

அரசியலில்தான் நாள் பிடித்தது. எனக்கு ஊர் ராமேஸ்வரம் பக்கத்தில் தங்கச்சிமடம், அப்பாவுக்கு ஒரு விசைப்படகு. 1974-இல் கச்சத்தீவை இலங்கைக்குக் கொடுத்ததுதான் எங்கள் எல்லாக் கஷ்டத்துக்கும் காரணம், அதை மீட்டால் தீர்ந்தது என்று கேட்டே வளர்ந்தேன். கல்லூரியில் மேடையேறி அதையே பேசினேன். மறுத்துச் சொன்ன நண்பனோடு பேச்சையே நிறுத்திக்கொண்டேன்.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு இரண்டு கரையிலிருந்தும் சனம் வரும். ஒரு வருடம் சிலுவைப்பாதை முடிந்ததும் யாழ்ப்பாணப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என் அருகில் உட்கார்ந்தார். விசைப்படகு வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தும் கோபப்படவில்லை. "சண்டை முடியுமட்டும் எங்களைச் சரியாக் கடலுக்கு விடேல்லை தம்பி. பிறகு கடன்பட்டு வலை வாங்கினன். ஒரு ராவிலை உங்கட போட் அறுத்துக்கொண்டு போயிட்டுது" என்றார்.

என்னால் மறுக்க முடியவில்லை. எங்கள் படகுகள் கச்சத்தீவைத் தாண்டி இலங்கையின் நெடுந்தீவுப் பக்கம்வரை மடி, அதாவது இழுவலை, இழுக்கின்றன. இந்தப் பக்கக் கடலின் அடியை வாரி வாரி இறாலைக் குறைத்துவிட்டுத்தான் அங்கே போகிறோம். நம்மூர் நாட்டுப்படகுக்காரர்களும் எங்களைப் பற்றி இதே குறையைத்தான் சொல்கிறார்கள். நாளைக்கே தீவு கைக்கு வந்தாலும் இது தீராது. நடுக்கடலில் எங்கள் ஆட்களை அடிப்பது அநியாயம் என்பதில் மட்டும் இன்றும் உறுதியாக இருக்கிறேன்.

ஊர் திரும்பியதும் அந்த நண்பனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். சரி என்று கையைப் பிடித்துக்கொண்டான். அப்பாவிடமும் சொன்னேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம், "மடிய விட்டுர்றேன், படகுக் கடன யாருப்பா அடைக்கிறது?" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் இன்னும் பதில் இல்லை.