ஊட்டி பனியில் செல்ஃப் சுற்றியும் டீசல் கார் பிடிக்காவிட்டால்

டீசல் பம்ப்பைக் கழற்ற விடாதீர்கள். முதலில் குளோ பிளக்கைப் பாருங்கள்; குளிரில் டீசல் எரிய என்ஜினுக்குள் சூடேற்றும் மின் பிளக் அது. உறைபனிக் காலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்காத வண்டி, வெயில் ஏறியதும் தானே பிடிக்கிறது என்றால் பழுது பெரும்பாலும் அங்கேதான்.

சுற்றும்போது சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறதா? வந்தால் டீசல் உள்ளே போகிறது, சூடு போதாமல் எரியவில்லை. புகையே இல்லையென்றால் டீசல் வரவில்லை. ஃபில்டரில் காற்றுப் பிடித்திருக்கலாம்.

சாவியை ஆஃப் செய்து, பிளக்குகளுக்குப் போகும் இணைப்பைக் கழற்றுங்கள். ஒவ்வொரு பிளக் முனைக்கும் என்ஜின் உடலுக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். நல்ல பிளக் சுமார் 1 ஓம் காட்டும். மீட்டர் அசையாவிட்டால் எரிந்துவிட்டது. எல்லா பிளக்கும் சரியென்றால், அடுத்து பார்க்க வேண்டியது அவற்றுக்கு மின்சாரம் விடும் ரிலேயும் ஃபியூசும்தான்.

என்ஜின் பிடிக்க அடிக்கும் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே மட்டும் வேண்டவே வேண்டாம், குளோ பிளக் சூட்டில் அது இன்டேக்கிலேயே, அதாவது காற்று உள்ளே போகும் குழாயிலேயே, வெடிக்கலாம். இறுகிய பிளக்கையும் பலமாக முறுக்காதீர்கள். என்ஜினின் சிலிண்டர் ஹெட்டுக்குள் உடைந்தால் செலவு பல மடங்கு.