முப்பதும் முப்பத்தொன்றும்

மதிப்பிற்குரிய ஐயா,

உருகுநிலை ஒரு பொருளின் மாறாப் பண்பு என்கிறார் எங்கள் பேராசிரியர். துகள் சிறுக்கச் சிறுக்க அது குறையும் என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள். தேர்வில் எதை எழுதுவது? நானோ தங்கத்தைக் கொண்டு குறைந்த சூட்டில் நகை செய்ய இயலுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தேர்வில் பேராசிரியர் சொன்னதையே எழுதுங்கள். மதிப்பெண் இடப்போகிறவர் அவர். நகையை விடுங்கள், துகள்கள் உருகி ஒன்றுசேர்ந்தபின் அது பழைய தங்கம்தான், மறுபடி உருக்க 1064 டிகிரி கேட்கும்.

என்னை உறுத்துவது ‘சிறுக்கச் சிறுக்கக் குறையும்’ என்ற என்னுடைய வரிதான். துகள் சிறுத்தால் அதன் அணுக்களில் பெரும்பங்கு மேற்பரப்புக்கு வந்துவிடும், அங்கே அண்டை அணுக்களின் பிடி குறைவு என்பதால் அவை எளிதில் இடம்பெயரும். 1909இல் பாவ்லோவ் கணக்கிட்டதும், 1976இல் பஃபாவும் போரெலும் தங்கத் துகள்களில் அளந்து காட்டியதும் இந்தச் சரிவைத்தான். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் ஹேபர்லாண்டின் குழு 1997இல் அளந்த 139 அணுக்கள் மட்டுமே திரண்ட சோடியக் கொத்தும் சாதாரணக் கட்டிச் சோடியத்தைவிட 104 டிகிரி முன்னதாக, 267 கெல்வினிலேயே உருகியது. ஆனால் மறு ஆண்டே, அணுக்களின் எண்ணிக்கையை மாற்றி மாற்றி அவர்கள் அளந்தபோது, உருகுநிலை ஒழுங்கின்றி ஏறி இறங்கியது.

மாணவனாக இருந்தபோது என் உள்ளங்கையில் கேலியம் என்ற உலோகத்தின் ஒரு துண்டை வைத்தார்கள். அது உருகுவது 29.8 டிகிரியில். முதலில் ஓரங்கள் கண்ணாடிபோல் பளபளத்தன. பிறகு, திடக் கேலியம் தன் திரவத்தைவிட இலேசானது என்பதால், மிச்சத் துண்டு அந்தக் குளத்தில் தெப்பம்போல் மிதந்து கரைந்தது. இன்னும் பொடியாக இருந்தால் இன்னும் சீக்கிரம் உருகுமா என்று கேட்டேன். ‘ஆமாம், கையைக் கழுவு’ என்றார் ஆசிரியர். ஆனால் அமெரிக்காவின் இந்தியானாவில் ஜேரல்டின் குழு 2003இல் அளந்தபோது, 39, 40 அணுக் கேலியக் கொத்துகள் ஏறத்தாழ 550 கெல்வின்வரை உருகாமல் நின்றன, கட்டிக் கேலியம் உருகும் 303 கெல்வினை, அதாவது அந்த 29.8 டிகிரியை, வெகுவாகத் தாண்டி! கொத்தில் அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்பால் இறுகிக்கொள்வதே காரணம் என்று அடுத்த ஆண்டு கணக்கிட்டுச் சொன்னவர்கள் நம் புணேயின் கன்ஹரே குழுவினர்.

நீங்களோ ‘நானோ’ என்று எழுதிவிட்டு, எத்தனை அணு என்று கேட்கவே இல்லை. அறிவியல் படிக்கிற பிள்ளைக்கு இந்தச் சோம்பல் அழகா? முப்பது அணுக் கேலியக் கொத்தின் வெப்ப ஏற்புத்திறன் வரைகோட்டில் (ஒவ்வொரு டிகிரி சூடேற எவ்வளவு வெப்பம் கொள்கிறது என்று காட்டும் கோடு) உருகுதலைக் காட்டும் முகடே இல்லை. ஓர் அணுவைக் கூட்டி முப்பத்தொன்றாக்கினால் தெளிவாக எழுகிறது. அவ்விரு கோடுகளையும் தேடியெடுத்து உங்கள் பேராசிரியரிடம் காட்டுங்கள், மதிப்பெண் வந்த பிறகு.