அண்ணாச்சி பதில்கள்: மெட்ரோவா, மணிக்கொரு வண்டியா?

இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ரயிலைப் பற்றித்தான். மற்றவற்றை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அண்ணாச்சி, டெல்லியில் இருந்து மீரட்டுக்கு மெட்ரோ மாதிரியே வேக ரயில் விட்டிருக்கிறார்களே, அதை நம்ம செங்கோட்டை – நெல்லை பாதையில் விட்டால் என்ன? (வாசகர், பாவூர்சத்திரம்)

கேட்க வேண்டிய கேள்விதான் தம்பி. டெல்லி – மீரட் பாதை 82 கிலோமீட்டர், நெல்லையில் இருந்து செங்கோட்டையும் சுமார் 80 கிலோமீட்டர், ஆக தூரம் என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். 2023 அக்டோபரில் சாகிபாபாத்தில் இருந்து துஹாய் வரை 17 கிலோமீட்டருக்கு முதலில் ஓடத் தொடங்கிய அந்த நமோ பாரத் வண்டி 160 கிலோமீட்டர் வேகம் வரை போகிறது. அதற்கென்றே தனித் தண்டவாளம், பெரும்பகுதி தூண்களுக்கு மேலே, குறுக்கே கேட் கிடையாது, எதிர் வண்டிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் அதற்கு ஆகும் செலவு சுமார் 30,000 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 350 கோடிக்கு மேல் வருகிறது. டெல்லியைச் சுற்றிக் கோடிக்கணக்கில் ஜனம் இருக்கிறது, அங்கே அது தாங்கும். 2011 கணக்குப்படி நம் நெல்லை மாநகராட்சியின் ஜனத்தொகை 4.7 லட்சம். இருபது லட்சம் இல்லை என்று கோவைக்கும் மதுரைக்குமே மெட்ரோ கோப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்றால், நமக்குத் தூண் எழும்பும் என்று காத்திருந்து நம் பிள்ளைகளின் காலத்தையும் போக்கிவிடக் கூடாது.

அதற்காக நமக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. போன மாதம் காலைப் பாசஞ்சரில் அம்பையில் இருந்து வந்துகொண்டிருந்தேன். சேரன்மகாதேவியில் எதிர் வண்டிக்காக நிறுத்தினார்கள். எனக்கு எதிரே கல்லிடைக்குறிச்சியில் ஏறிய ஓர் அம்மா அப்பளக் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, நொறுங்கிவிடாமல் இரண்டு கையாலும் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண். கழுத்தில் கிடந்த ஐடி கார்டின் நாடாவை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள், போனில் மணி பார்க்கிறாள், திரும்பச் சுற்றுகிறாள். "இந்த வண்டிய விட்டா அடுத்தது எப்ப இருக்கு தெரியுமா அண்ணாச்சி? அதுக்குப் பேசாம பஸ்ஸுலயே போயிரலாம்" என்றாள். வண்டி மெதுவாகப் போகிறது என்று அவள் குறை சொல்லவே இல்லை. அடுத்த வண்டி எப்போது என்பதுதான் அவள் கவலை. நான் இத்தனை நாளாகச் சொல்ல நினைத்ததை அந்தப் பிள்ளை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

நமக்குப் பாதை இருக்கிறது. 1903-இல் செங்கோட்டை வரை வந்த மீட்டர் கேஜ் பாதை 2012-இல் அகலப்பாதையாகிவிட்டது, இப்போது மின்கம்பியும் வந்துவிட்டது. பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை, ஆழ்வார்குறிச்சி, கீழக்கடையம், பாவூர்சத்திரம், தென்காசி என்று ஊருக்கு ஊர் ஸ்டேஷன் இருக்கிறது. அதில் மெமு வண்டியை, அதாவது தனி என்ஜின் இல்லாமல் பெட்டியிலேயே மோட்டார் வைத்த குறுந்தூர மின்ரயிலை, மணிக்கொன்று விட வேண்டும் என்பதுதான் என் கட்சி. மெமுவில் ஓட்டுநர் அறை இரண்டு முனையிலும் உண்டு, என்ஜினைக் கழற்றி மறுபக்கம் மாட்டும் வேலை மிச்சம். நிறுத்தத்தில் இருந்து சட்டென்று வேகம் பிடிக்கும், அதனால் ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன் இருக்கும் நம் பாதைக்குப் பொருந்தும். ஒற்றைப் பாதையில் அத்தனை வண்டி விடுவதென்றால் எதிர் வண்டிக்கு ஒதுங்க லூப் லைன் உள்ள ஸ்டேஷன்கள் கூட வேண்டும், அதற்குக் காசு போடத்தான் வேண்டும். ஆனால் தூண் கட்டும் காசில் அது ஒரு மூலைக்குக் காணாது.

கேள்வி: சென்னையில் கிளாம்பாக்கத்தில் இறங்கி நுங்கம்பாக்கம் போவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. வழி சொல்லுங்கள். (வாசகர், மேலப்பாளையம்)

2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததில் இருந்து நம் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் இந்தப் பாடுதான். மெட்ரோ விமான நிலையம் வரைதான் இருக்கிறது, கிளாம்பாக்கத்துக்கு இன்னும் வரவில்லை. முடிந்தால் ரயிலில் போய்த் தாம்பரத்தில் இறங்குங்கள், பஸ்தான் என்றால் கிளாம்பாக்கத்தில் இருந்து டவுன் பஸ் பிடித்துத் தாம்பரம் வந்துவிடுங்கள். அங்கே பீச் போகும் புறநகர் மின்ரயிலில் ஏறினால் நுங்கம்பாக்கத்திலேயே இறக்கிவிடும். கோயம்பேடு பக்கம் போகிறவர்கள் பரங்கிமலையில் இறங்கி மெட்ரோவுக்கு மாறிக்கொள்ளலாம்.

அந்தத் தாம்பரம் வண்டியில் ஏறும்போது ஒன்றை நினைத்துப் பாருங்கள், அது 1931-லேயே மின்சாரத்தில் ஓட ஆரம்பித்த பாதை. பல்லாவரமும் குரோம்பேட்டையும் இன்றைக்கு இருக்கிற அளவுக்குப் பெருத்தது, ஒரு வண்டியை விட்டால் அடுத்த வண்டி வரும் என்ற நம்பிக்கையில் ஜனங்கள் அங்கே குடிபோனதால்தான்.

கேள்வி: நெல்லைக்கு முதல் ரயில் எப்போது வந்தது? (மாணவர், பேட்டை)

1876. தூத்துக்குடி – மதுரை பாதையில் மணியாச்சியில் இருந்து பிரித்து இங்கே கொண்டுவந்தார்கள். அதே மணியாச்சியில்தான் 1911 ஜூன் 17-ஆம் தேதி வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது, அதனால்தான் அது இன்று வாஞ்சி மணியாச்சி.

கேள்வி: திருச்செந்தூர் பாதையை நம்பலாமா அண்ணாச்சி? 2023 வெள்ளத்தை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. (வாசகி, நாசரேத்)

பயம் வரத்தான் செய்யும் தாயி. அந்த டிசம்பர் 17 ராத்திரி திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, சுமார் 800 பேர் வெள்ளத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டதை யாரால் மறக்க முடியும்? தண்டவாளத்துக்குக் கீழே இருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப் போய், தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் தொங்கியது. ஆனால் ஸ்ரீவைகுண்டத்தில் வண்டியை மேற்கொண்டு விடாமல் நிறுத்தினார்களே, அதுதான் அத்தனை உயிரையும் காத்தது. நம் பக்கம் குளத்துக்குக் குளம் மறுகால் பாயும் பூமி. இங்கே பாதையை உயர்த்தினால் போதாது, அடியில் தண்ணீர் போக வழியும் விட வேண்டும். அந்த ஒரு ராத்திரியை வைத்துப் பாதையையே ஒதுக்கிவிடாதீர்கள்.

கேள்வி: என் மகள் பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. சேர்ந்திருக்கிறாள். ஹாஸ்டலுக்குக் கட்ட வசதி இல்லை. தினமும் ரயிலில் போய் வர முடியுமா? (தாய், கீழக்கடையம்)

முடியும் அம்மா. முதலில் செலவைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. பட்டப்படிப்பு வரை படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு வீட்டில் இருந்து படிக்கும் இடத்துக்கு இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் இலவசம். பையன்களுக்கு 12-ஆம் வகுப்பு வரை. கல்லூரியில் சான்றிதழ் வாங்கி ஸ்டேஷனில் கொடுத்தால் போதும். சிக்கல் நெல்லை ஜங்ஷனில் இறங்கிய பிறகுதான். அங்கிருந்து பாளைக்கு டவுன் பஸ், வண்ணார்பேட்டை நெரிசலில் எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது. பாளையங்கோட்டை ஸ்டேஷன் திருச்செந்தூர் பாதையில் இருக்கிறது. செங்கோட்டையில் இருந்து வரும் காலை வண்டி ஒன்றைத் திருச்செந்தூருக்கே நீட்டிவிட்டால் உங்கள் மகள் ஏறிய பெட்டியிலேயே உட்கார்ந்து பாளையில் இறங்கலாம். இதைக் கேட்டு ரயில்வேக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கடையம், அம்பை, கல்லிடை பக்கம் இருந்து பாளைக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் கையெழுத்துப் போட விரும்பினால் இதழ் முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள், சேர்த்தே அனுப்புவோம். அதுவரை மகளைக் காலை முதல் வண்டியில் அனுப்புங்கள், அதை விட்டால் முதல் பீரியடுக்குப் போய்ச் சேர முடியாது.