பல்கர் லாரியிலிருந்து (தூளை மூட்டையின்றி மொத்தமாக ஏற்றிவரும் தொட்டி லாரி) சிமென்ட் இறக்கும்போது குழாய் அடைத்துக்கொண்டால், காற்றழுத்தத்தைக் கூட்டலாமா?

கூட்டக் கூடாது, பெரும்பாலும் அதுவே அடைப்பை இறுக்கிவிடும். பல்கரில் காற்றுக்கு இரண்டு வேலைகள் உண்டு: தொட்டியின் அடியிலுள்ள கேன்வாஸ் வழியே நுழையும் காற்று தூளை நீர்போல இளக வைக்கிறது, வெளியேற்றும் குழாயில் தனியே செலுத்தப்படும் காற்று அதைச் சிலோ எனும் உயரமான சேமிப்புக் கலத்தின் உச்சிக்குச் சுமந்து செல்கிறது. இரண்டாவது காற்று போதாதபோது, தொட்டியிலிருந்து தூளை வெளிவிடும் அடிவால்வை அகலத் திறந்தால், தூள் குழாயின் வளைவிலோ செங்குத்துப் பகுதியின் அடியிலோ படிந்து நின்றுவிடும். ஆகவே முதலில் குழாயில் காற்றை ஓடவிட்டு, தொட்டியின் அழுத்தம் தயாரிப்பாளர் குறித்த அளவை எட்டியபின், வால்வைச் சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும். பல வண்டிகளில் அந்த அழுத்தத்தின் உச்சவரம்பு 2 பார்.

அடைத்துவிட்டால் அடிவால்வை மூடிக் குழாய்க் காற்றை மட்டும் விட்டுப் பார்க்கலாம். அதற்கும் அசையாவிட்டால், அழுத்தம் முழுவதையும் வெளியேற்றி, அழுத்தமானியின் முள் பூஜ்யத்தில் நிற்கும்வரை ஹோஸ் இணைப்பையும் மேல்மூடியையும் தொடவே கூடாது. சிலோ உச்சியில் காற்றை வெளிவிடும் வடிகட்டி அடைத்திருந்தாலும் தூள் இப்படித்தான் தயங்கும் (அதைத்தான் எல்லோரும் கடைசியில் சந்தேகிக்கிறார்கள்).

தொட்டி காலியாகும்போது முள் சட்டென்று இறங்கி ஹோஸ் துள்ளும். அந்தக் கணத்தில் பாயும் காற்று வடிகட்டியைத் திணறடிக்கும் என்பதால், வால்வை முன்கூட்டியே குறைத்துக்கொள்வது நல்லது.