டேவிட் ராபர்ட்ஸ் நாடகத்துக்கு சீன் எழுதியவர்தானே, அவர் வரைந்த எகிப்துக் கோயில் படங்களை எப்படி நம்புவது?

ராபர்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து ஓவியர். அவருடைய இந்தப் படங்களை நீங்கள் ஏதாவது புத்தகத்திலோ ஹோட்டல் சுவரிலோ பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் இருந்த யாரோ, "அதெல்லாம் டிராமா சீன் மாதிரி கூட்டிக் காட்டினது" என்று சொல்லியிருப்பார். கேள்வியில் இருக்கும் அந்த "தானே" எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் அப்பா சீன் எழுதியவர், அதாவது நாடக மேடைக்குப் பின்திரை தீட்டியவர்.

மதுரைப் பக்கம் நாடகக் குழுக்களுக்குப் படுதா எழுதினார். தர்பார், வனம், வீதி, அரண்மனைத் தோட்டம். வச்சிரத்தைக் காய்ச்சி, பவுடர் கலரை அதில் கரைத்து, துணியைத் தரையில் விரித்து, நூலில் நீலம் தோய்த்து நானும் அவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சுண்டுவோம். டப்பென்று ஒரு நேர்கோடு விழும். தூணின் விளிம்பு எங்கே போய்ச் சேர வேண்டும் என்று முதலில் ஒரு புள்ளி வைப்பார். எல்லா நூலும் அந்தப் புள்ளிக்குத்தான் ஓடும். புள்ளி அரை அங்குலம் தவறினாலும் கடைசி வரிசையில் இருப்பவனுக்கு மண்டபம் சாய்ந்து தெரியும் என்பார். சீன் எழுதுகிறவன் கண்ணளவில் பொய் சொல்லவே முடியாது.

ராபர்ட்ஸும் இப்படி வந்தவர்தான். 1796இல் எடின்பரோ பக்கம் செருப்புத் தைப்பவருக்கு மகனாகப் பிறந்து, வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவரிடம் தொழில் பழகி, பிறகு நாடக அரங்குகளுக்கு சீன் எழுதி, லண்டனில் ட்ரூரி லேன், கோவென்ட் கார்டன் போன்ற பெரிய அரங்குகள் வரை போனவர். 1838 செப்டம்பரில் அலெக்சாண்ட்ரியாவில் இறங்கி, படகு பிடித்து நைல் நதியில் அபு சிம்பெல் வரை போய், ஒவ்வொரு கோயில் முன்னும் உட்கார்ந்து வரைந்தார்.

சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 1829இல் அவர் தீட்டிய 'இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் புறப்படுதல்' முழுக்கக் கற்பனை. அப்போது அவர் எகிப்தைப் பார்த்ததே இல்லை. அந்தப் படத்தைக் காட்டி 1838இல் நேரில் வரைந்தவற்றையும் பொய் என்பது நியாயம் இல்லை. "ஐரோப்பியப் பார்வை, உள்ளூர் மனிதர்களைச் சோம்பேறிகளாகக் காட்டுகிறான்" என்று சிலர் கருத்துப் போட வருவார்கள். மனிதர்களைக் காட்டிய விதம் பற்றி அந்த வாதத்தில் நியாயம் உண்டு, நான் மறுக்கவில்லை. கேள்வி கோயில்களைப் பற்றியது, அதனால் கல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு நானும் மனைவியும் ஒரு குழுவோடு எகிப்து போனோம். லக்சர் கோயில் வாசலில் நின்றபோது பக்கத்தில் இருந்த ஒருவர் என் போனில் இருந்த ராபர்ட்ஸ் படத்தைப் பார்த்துவிட்டு, "சிலையெல்லாம் மார்பு வரைக்கும் மண்ணுக்குள்ள இருக்கே, சும்மா வரைஞ்சிருக்கான் சார்" என்றார். சும்மா இல்லை. அன்றைக்கு அந்தக் கோயிலுக்குள் ஊரே குடியிருந்தது. எட்ஃபு என்ற ஊரில் கோயில் கூரைமேலேயே வீடுகள். 1860இல் மாரியட் என்ற பிரெஞ்சுக்காரர்தான் அந்த வீடுகளை அகற்றி மண்ணை வாரினார். ராபர்ட்ஸ் வரைந்தது அதற்கு 22 வருடம் முன்பு. எட்ஃபு முன்மண்டபத்தில் நின்று தூணை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. அவர் காலத்து மண்மட்டம் என் தலைக்கு எவ்வளவோ மேலே இருந்திருக்கிறது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி லக்சர் வாசலில்தான் இருக்கிறது. அங்கே இரண்டு ஒற்றைக்கல் தூபிகள் (ஒபிலிஸ்க்) இருந்தன. இரண்டையும் எகிப்தின் ஆட்சியாளர் முகமது அலி பிரான்சுக்குக் கொடுத்தாலும் ஒன்றுதான் போனது, அது 1836இல் பாரிஸ் சதுக்கம் ஒன்றில் நிறுத்தப்பட்டது. இரண்டு வருடம் கழித்து வந்த ராபர்ட்ஸின் படத்தில் தூபி ஒன்றுதான்.

இதன் அருமை சீன் எழுதும் வீட்டில் வளர்ந்தவனுக்குத் தெரியும். அப்பா ஒருமுறை எகிப்து தர்பார் எழுதினார். பத்திரிகையில் வந்த லக்சர் படம் ஒன்றைப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தார், அதைப் பார்த்து ஒரு தூபிதான் போட்டார். குழு முதலாளி வந்து பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் மொட்டையா இருக்கே, இந்தப் பக்கமும் ஒண்ணு வைங்க" என்றார். அப்பா ஒன்றும் பேசாமல் இன்னொன்றும் எழுதினார். இரண்டு பக்கமும் சமமாக நிற்க வேண்டும் என்பது மேடைச் சட்டம். அந்தச் சட்டத்தில் ஊறிய ராபர்ட்ஸ் நினைத்திருந்தால் இன்னொரு தூபியை நிறுத்த எவ்வளவு நேரம் ஆகும்? அவர் நிறுத்தவில்லை.

வண்ணம் மிகை என்பார்கள். ஃபிலே கோயிலில் இன்று தூண்கள் மங்கிய கல்லாக நிற்கின்றன, அவர் படத்தில் தூண் தலைப்புகளில் நீலமும் பச்சையும். நெப்போலியன் படையோடு போன அறிஞர்கள் வெளியிட்ட பெருந்தொகுப்பிலும் அதே மண்டபம் வண்ணத்தோடுதான் இருக்கிறது. 1902இல் அஸ்வானில் அணை கட்டிய பிறகு வருடத்தில் பல மாதம் கோயில் தண்ணீரில் நின்றது, வண்ணம் கரைந்துபோனது. ஆர்மந்த் கோயிலையும் அவர் வரைந்திருக்கிறார். அதன் ஒரு பகுதியை 1860களில் சர்க்கரை ஆலை கட்டக் கல்லுக்காக உடைத்தார்கள். உடைந்ததைப் பார்க்க இனி இது போன்ற பழைய படங்கள்தான் உண்டு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்று தோன்றினாலும். நாம் பார்ப்பவை பெரும்பாலும் ராபர்ட்ஸ் கையால் நேரடியாக வந்தவை அல்ல. அவருடைய ஓவியங்களைப் பார்த்துக் தாளில் அச்சடிப்பதற்கான கல்லச்சுக் கல்லில் திரும்ப வரைந்தவர் பெல்ஜியத்துக்காரர் லூயி ஹாகே. வலது கை ஊனம், இடது கையால் வரைந்தார். 1842இலிருந்து 1849 வரை பகுதி பகுதியாக வந்த அந்தப் பெரிய வேலையில் அவர் பெயரை எத்தனை பேர் சொல்கிறோம்?

எனக்கு இது ஏன் வலிக்கிறது என்றால், சில வருடம் முன்பு ஒரு கண்காட்சியில் அப்பாவின் வனம் படுதாவைத் தொங்கவிட்டிருந்தார்கள். கீழே அட்டையில், "நாடகத் திரை, வரைந்தவர் பெயர் தெரியவில்லை". பெயர் இருந்தது. வலது கீழ் மூலையில் அப்பா சிவப்பில் எழுதியிருந்தார். அந்த ஓரத்தை உள்ளே மடித்துச் சட்டத்தில் ஆணி அடித்துவிட்டார்கள். பொறுப்பில் இருந்தவரிடம் சொன்னேன். "கண்காட்சி முடியட்டும் சார், பிரிச்சுப் பாக்கலாம்" என்றார். முடிந்த பிறகு இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் இந்தப் படங்கள் நல்ல தெளிவோடு இலவசமாகக் கிடைக்கின்றன. பெரிதாக்கிப் பாருங்கள். லக்சர் வாசலில் ஆரம்பியுங்கள். அப்புறம் எட்ஃபு.