வேலூர் பக்கம் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். பி.எட்., டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு) தவிர எங்களுக்கு என்ன வாய்ப்புகள், நிகழ்ச்சிகள் இருக்கின்றன?

குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வேலூருக்கு வந்து எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள் நான். இப்போது ஒரு கல்லூரியில் அதே பாடத்தை நடத்துகிறேன். கருத்தரங்கம், போட்டி, உதவித்தொகை பற்றியெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். என் வகுப்பிலும் வருடா வருடம் யாராவது கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதையே இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் யுஜிசி நெட், அதாவது கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வு. அதைத் தள்ளிப்போடாதீர்கள். இறுதியாண்டு படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம். மூன்று மணி நேரம், 150 கேள்விகள், 300 மதிப்பெண். தவறான விடைக்குக் கழிவு கிடையாது, அதனால் ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். அதில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்து பிஎச்.டி. சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் வரும். அதற்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் ஓபிசி, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. வீட்டில் "படிச்சது போதும், வேலைக்குப் போ" என்று சொல்லும்போது இந்தத் தொகையைச் சொன்னால் பேச்சு மாறும். எங்கள் வீட்டில் மாறியது.

அப்புறம் கருத்தரங்கம். இதில் ஏமாறாமல் இருக்கவேண்டும். நான் படிக்கும்போது ஒரு கல்லூரியில் 1,500 ரூபாய் கட்டி பேப்பர் வாசித்தேன். ஒரே அறையில் இருபது பேர், ஆளுக்கு நான்கு நிமிடம், ஒரு கேள்விகூட யாரும் கேட்கவில்லை. மதியம் சாப்பாடு, சாயங்காலம் சர்ட்டிஃபிகேட். பிறகு என் கட்டுரையை யாரும் படித்துப் பார்க்காமலே ஐஎஸ்பிஎன் (நூலுக்குத் தரும் பதிவு எண்) போட்ட ஒரு தொகுப்பில் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பணத்துக்கு அம்மா யாரிடம் கைமாற்று வாங்கினார் என்பது எனக்குத் தெரியும். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. 2022ல் வந்த யுஜிசி விதிகளின்படி, பிஎச்.டி. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற பொதுக் கட்டாயம் இல்லை. உங்கள் பல்கலைக்கழகத்தின் விதியை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எம்.ஏ. மாணவர் காசு கொடுத்துக் கட்டுரை போடவேண்டிய தேவையே கிடையாது.

நல்ல கருத்தரங்கம் என்றால் முதலில் 250, 300 சொற்களில் அப்ஸ்ட்ராக்ட் (கட்டுரைச் சுருக்கம்) கேட்பார்கள், அதைப் படித்துப் பார்த்துத்தான் அழைப்பார்கள். அறிவிப்புகளைத் தேட, பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆங்கிலத் துறை நடத்தும் கால் ஃபார் பேப்பர்ஸ் தளத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். கட்டணம் இல்லை. ஆங்கிலம் கற்பித்தலில் ஆர்வம் இருந்தால் எல்டாய் என்ற இந்திய ஆங்கில ஆசிரியர்கள் சங்கத்தைக் கவனியுங்கள். 1974ல் தொடங்கியது, தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது, ஆண்டு மாநாடும் நடத்துகிறார்கள்.

அப்ஸ்ட்ராக்டில் என்ன எழுதுவது? என் மாணவி ஒருத்தி முதலில் கொண்டுவந்தது, ஒரு பிரபல நாவலில் பெண்ணியம் பற்றிய 300 சொற்கள். அதையே ஆயிரம் பேர் எழுதியிருப்பார்கள். "உங்க ஊர்லயே ஒண்ணு இருக்குமே" என்றேன். 1806 ஜூலை 10 அதிகாலை வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது கொல்லப்பட்டவர்களில் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட்டும் ஒருவர். அவர் மனைவி இரண்டு குழந்தைகளோடு ஒளிந்து உயிர் தப்பி, அந்த இரவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்துவிட்டு, அந்தப் பெண்மணியின் கண்ணுக்கு நம் ஊர் மனிதர்களில் யார் தெரிகிறார்கள், யார் தெரியவில்லை என்று கேட்டு ஒரு பக்கம் எழுதினாள். அது உடனே தேர்வானது. கோட்டைக்கு எதிரே பஸ்ஸுக்கு நிற்கும் நமக்குத் தோன்றும் கேள்வி டெல்லிக்காரர்களுக்குத் தோன்றாது. கூத்து, அமெரிக்கப் பாதிரியார்களின் ஆற்காடு மிஷன், 1881ல் ஆங்கிலேய அதிகாரி காக்ஸ் எழுதிய வட ஆற்காடு மாவட்டக் கையேடு என்று யாரும் தொடாமல் இங்கே எவ்வளவோ கிடக்கிறது.

ஆனால் நான் அடித்துச் சொல்வது மொழிபெயர்ப்பைத்தான். ஆங்கிலத் துறையில் தமிழை வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லிப் பழக்கிவிட்டார்கள். உங்கள் கையில் இருக்கும் மூலதனமே அந்தத் தமிழ்தான். ஒரு வரி பாருங்கள்: "இன்னாமே, நாஷ்டா துன்னியா?" இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வீர்கள்? பிரேக்ஃபாஸ்ட் என்று போட்டால் பொருள் வந்துவிடும். ஆனால் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது பேசும் வீடும் தமிழ் பேசும் வீடும் ஒரே தெருவில் இருப்பதால் வந்த சொல் அது. பிரேக்ஃபாஸ்ட்டில் அந்தத் தெரு போய்விடும். நாஷ்டா என்றே விட்டால் படிக்கிறவர் தடுமாறுவாரா, அடுத்த வரியில் இட்லியைக் கொண்டுவந்து புரியவைக்கலாமா? என் வகுப்பில் இந்த ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் போனது, மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

இதற்கு இடமும் இருக்கிறது. சாகித்ய அகாதெமியின் ஆங்கில இருமாத இதழில் இந்திய மொழிகளிலிருந்து மொழிபெயர்த்த கதை, கவிதைகள் வருகின்றன. தமிழ்நாடு பாடநூல் கழகம் ஆங்கிலப் பதிப்பகங்களோடு சேர்ந்து தமிழ் நூல்களை ஆங்கிலத்தில் கொண்டுவந்திருக்கிறது. 2023 முதல் சென்னையில் நடக்கும் பன்னாட்டுப் புத்தகக் காட்சியில் தமிழ் நூல்களைப் பிற மொழிகளில் வெளியிட அரசு நிதி தருகிறது. ஒரு சிறுகதையில் தொடங்குங்கள். ஆனால் எழுத்தாளரிடமோ உரிமை வைத்திருப்பவரிடமோ எழுத்தில் அனுமதி வாங்காமல் எங்கேயும் அனுப்பாதீர்கள்.

சொந்தமாக ஆங்கிலத்தில் கவிதை, கதை எழுதுபவர் என்றால் பெங்களூரில் டோட்டோ ஃபண்ட்ஸ் தி ஆர்ட்ஸ் இளைஞர்களுக்கு ஆண்டுதோறும் தரும் விருதைப் பாருங்கள். பிஎச்.டி. பதிவு செய்த பிறகு ஃபுல்பிரைட்-நேரு ஆய்வு உதவித்தொகை இருக்கிறது, ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்காவில் ஆய்வு செய்யலாம். அதைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம், பெயர் தெரிந்திருந்தால் போதும்.

இந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஏலகிரி எக்ஸ்பிரஸில் காட்பாடியிலிருந்து ஏறிவிடுங்கள். 130 கிலோமீட்டர், சுமார் இரண்டு மணி நேரம். சென்ட்ரலில் இறங்கி எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போங்கள். 1896ல் திறந்தது, இந்தியாவில் வெளியாகும் நூல்களில் ஒரு பிரதி அங்கே வந்து சேரவேண்டும் என்பது சட்டம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் வகுப்பில் இரண்டு பேரைக் கூட்டிக்கொள்ளுங்கள். போகும்போது மொழிபெயர்க்க நினைக்கும் கதையை நகலெடுத்துக்கொண்டு போனால், திரும்பும் வண்டியில் முதல் பத்தியை முடித்துவிடலாம்.